சரியாக விழாத இரண்டு வரிகள்

கல்யாணமாகி மூன்றே மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு பம்பாயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. யுத்த காலம், அங்கே குடித்தனம் வைக்க இடம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் தன் அப்பா அம்மாவிடம் என்னை விட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். அந்த மூன்று மாதத்தில் அவர் என்னோடு பேசியதெல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

வாராவாரம் கடிதம் வந்தது. வந்து என்ன? ஆபீஸில் மனுஷனுக்கு ஒரு டைப்ரைட்டர் கொடுத்திருந்தார்கள். தன் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்று சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவார். எனக்கோ ஏ, பி, சி தெரியாது; அது அவருக்கும் தெரியாது. ஆகவே, திருச்சியில் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிடையரான மாமனார் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். மாமியார் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். நான் தூணுக்குப் பின்னால் நிற்பேன். பெண்டாட்டிக்கு எழுதும் லட்சணமா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இங்கு க்ஷேமம்" என்று ஆரம்பித்து, பம்பாய் மழை, உருளைக்கிழங்கு விலை என்று போகும். நடுவில் மாமனார் தொண்டையைக் கனைப்பார்.

"இங்க ரெண்டு வரி சரியா விழலை."

"ரிப்பனை மாத்தச் சொல்லி எழுதுங்கோ" என்பார் மாமியார்.

எழுதினார். பம்பாயில் இவரும் பாவம், புது ரிப்பன் போட்டார். அடுத்த கடிதம் கன்னங்கரேலென்று வந்தது. தூணடியிலிருந்தே எனக்கு வரிகள் தெரிந்தன. அதிலும் இரண்டு வரி விழவில்லை என்றார் மாமனார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எனக்கென்று எழுதியதே அந்த இரண்டு வரிதான்.

வாசித்த கடிதங்களைக் கூடத்துக் கம்பியில் குத்தி வைப்பார்கள். மாமனாரும் மாமியாரும் சேவிக்கக் கோவிலுக்குப் போனதும் கம்பியை இறக்கினேன். முதல் வரி எப்போதும் "இங்கு க்ஷேமம்"தான். அதை வைத்துக்கொண்டு எது 'க', எது 'ம' என்று விரலால் தடவித் தடவிப் பிடித்தேன். மெஷின் எழுத்தாக இருந்ததால் பிழைத்தேன். அவர் கையெழுத்தென்றால் ஜன்மத்துக்கும் முடிந்திருக்காது. ஒரு மாதத்தில் விழாத வரிகள் விழ ஆரம்பித்தன.

"உன் குறட்டைச் சத்தம் இல்லாமல் இங்கே தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுக்கிறேன்."

கடைசியில், ஆபீஸ் கடிதம் மாதிரியே: "இணைப்பு: முத்தம் மூன்று."

குறட்டையா, நானா? கோபமாக வந்தது. சிரிப்பும் வந்தது. பிடித்திருக்கிறது, அந்த மனுஷனுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று கம்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த வாரம் நான் எழுதிய கடிதத்தின் அடியில், கோணல்மாணலாக இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்தேன்: "நான் குறட்டை விடுவதில்லை. இணைப்பு மூன்றும் வந்து சேர்ந்தன." மாமியாருக்குப் புரியக் கூடாதென்று இங்கிலீஷ். வழக்கம்போல மாமனார் தாமும் நாலு வரி எழுதுவதற்காகக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். அவர் முகம் மாறியபோதுதான், இந்த வீட்டில் இங்கிலீஷ் வாத்தியார் யார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அடுக்களைக்குள் ஓடி, அரிசிப் பானையைக் காரணமில்லாமல் திறந்து திறந்து மூடினேன்.

அடுத்த கடிதம் வந்தபோது அவர் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

"கொழந்தே, கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன். நீயே வாசிச்சுடு."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

"இவளுக்கு ஏது இங்கிலீஷ்?" என்றார் மாமியார்.

"வரும், வரும்" என்று மாமனார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்போ சத்தமா வாசிடி."

வாசித்தேன். க்ஷேமம் ஆயிற்று, மழை ஆயிற்று, உருளைக்கிழங்கு ஆயிற்று. அப்புறம் காதெல்லாம் சுட, தொண்டையைக் கனைத்தேன்.

"இங்க ரெண்டு வரி சரியா விழலைம்மா."

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனார் சொன்னார்: "ரிப்பனை மாத்தச் சொல்லி எழுதறேன்."