புடவைக்கு அடியில் வைத்த கடிதம்

மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும், நான்கு வருடமாக அவளைப் பார்த்துவந்த குழந்தைகள் மனநல டாக்டர், "இனிமே பெரியவங்க டாக்டர்கிட்டதான் காட்டணும், இதைக் குடுத்துடுங்க" என்று நீளமாக ஒரு கடிதம் தந்தார். மந்தைவெளி வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் மறைத்தேன். நாளைக்கு வரன் பார்க்கும்போது இதெல்லாம் தெரிந்தால்?

அடையாறில் புது டாக்டர், முன்பு எங்காவது காட்டியிருக்கிறோமா என்று கேட்டபோது, "இதுதான் சார் முதல் தடவை" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்தாள்.

அவர் எழுதியது, முன்பே அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. கம்பெனிப் பெயர்தான் வேறு. பத்தே நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"அந்த லெட்டர்ல இருந்துச்சேம்மா" என்றாள்.

முகம் தெரியாத எவனோ ஒரு மாப்பிள்ளைக்காக இதைச் செய்தேன்.

இப்போது கடிதம் அவள் பையில் இருக்கிறது. டாக்டர் அறை வாசலிலேயே என்னை நிறுத்திவிடுகிறாள். "எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சும்மா. நீ வெளியில உக்காரு."