அக்காவுக்குத் தெரிந்த ஒரே முகவரி

எங்கள் வீட்டுக்கு இதுவரை ஏழு முகவரிகள் இருந்திருக்கின்றன. பளையில் ஒன்று, கிளிநொச்சியில் இரண்டு, இடம்பெயர்ந்து போன இடங்களில் வெறும் கூடார இலக்கங்களாக மூன்று, இப்போது விசுவமடுவில் ஒன்று. தொலைபேசி இலக்கம் எத்தனை தரம் மாறியது என்று எனக்கே நினைவில்லை. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். அதைத் திறந்தவள் என் அக்கா.

சண்டை நின்றிருந்த அந்தச் சில வருடங்களில் அவள் கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்புக்குப் போய்வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு எழுதுவதற்காகத் தன் பெயரில் அதைத் திறந்தாள். ஒருநாள் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், திரைக்கு முன்னால் இருத்தி, கடவுச்சொல்லை என் காதுக்குள் சொன்னாள். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, அம்மாவுக்கும்தான் என்றாள். அம்மாவுக்கு ஒளிக்க ஏதோ ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போது பெரிய புளுகமாக, சந்தோசமாக இருந்தது.

கடைசிச் சண்டையில் அக்காவைத் தவறவிட்டோம். அதை இங்கே விரித்து எழுத என்னால் முடியாது. சனத்துக்குள் கை விட்டுப்போனது, பிறகு காணவில்லை. அவ்வளவுதான் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

முகாமை விட்டு வெளியே வந்தபோது அம்மாதான் அதை நினைவுபடுத்தினார். நாங்கள் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியாது, போன் நம்பரும் தெரியாது, அந்தக் கொம்பியூட்டர் விலாசம் ஒன்றுதான் தெரியும் என்றார். அன்றிலிருந்து அதைத் திறந்து பார்ப்பது என் வேலையாயிற்று. முதலில் கிழமைக்கு ஒருதரம் இன்ரநெற் கடையில். போன் வாங்கிய பிறகு ஒவ்வொரு காலையும், சீமெந்துக் கல் அரியும் வாடிக்கு வேலைக்குப் போகுமுன். அம்மா குசினிக்குள் இருந்து ஒன்றும் கேட்கமாட்டார். கரண்டிச் சத்தம் மட்டும் நிற்கும். "இல்லையம்மா," என்பேன். சத்தம் மறுபடி தொடங்கும்.

நான் அதிலிருந்து ஒரு கடிதமும் எழுதியதில்லை. மாமாவோடு கதைப்பதெல்லாம் போனில்தான். அக்காவின் பெயரைக் கடிதத்தின் தலையில் வைத்துக்கொண்டு நான் எழுதுவது சரியில்லை என்று பட்டது. பெயரை மாற்றவும் மனம் வரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அதோடு பயமும் கூட. அடுப்பு அணைந்ததா, வாசல் படலை கட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும். கனகாலம் திறக்காமல் விட்டால் மின்னஞ்சல் பெட்டியை மூடிவிடுவார்கள் என்று யாரோ ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அதனால் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் கிடந்த நாளில்கூடத் திறந்து பார்த்தேன்.

போன வருடம் ஒரு பின்னேரம் அந்தப் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே மின்னஞ்சல் கம்பனியின் பெயரும் அடையாளமும் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூடுவது என்பதற்கான சொல் எனக்குத் தெரியும், கடைக் கதவுகளில் தொங்கும் சொல் அது. இருபத்துநான்கு மணித்தியாலம் என்பதும் விளங்கியது. கீழே இருந்த நீலப் பொத்தானை அமத்தினேன். ஒரு படிவம் திறந்தது.

படிவம் நிரப்புவதில் எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் வெல்லமுடியாது. முகாமுக்குள் போகப் பதிவு, வெளியே வரப் பதிவு, கூரைத் தகரத்துக்குப் பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, காணாமற்போனவளுக்காக எத்தனையோ பதிவு. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் வரிசையின் கடைசிக்குத் திருப்பி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. இதை ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. கேட்டதைக் கொடுப்போம். கேட்காததையும் ஒரு பயத்தில் சேர்த்துக் கொடுப்போம்.

அப்படித்தான் அன்றும் நிரப்பினேன். முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தாயின் பெயர், தொலைபேசி இலக்கம். விரும்பினால் நிரப்பலாம் என்றிருந்த கட்டத்தையும் விடவில்லை. கடவுச்சொல்லுக்கான கட்டம் வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. ஆனால் திரையின் மேலே சிவப்பு எழுத்தில் நேரம் குறைந்துகொண்டே இருந்தது. எழுதினேன். போனுக்கு ஆறு இலக்கங்கள் வந்தன. அதையும் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். எந்தப் படிவத்துக்கும் ஒரு பிரதி வைத்திருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். வந்த கடிதத்தையும் நிரப்பிய படிவத்தையும் படம்பிடித்துப் போனில் வைத்துக்கொண்டேன். பிறகு, ஒரு கட்டமும் பிழைக்கவில்லை என்ற நிம்மதியோடு தேத்தண்ணி குடித்தேன்.

மறுநாள் காலை பெட்டி திறபடவில்லை. எத்தனை தரம் போட்டும் கடவுச்சொல் பிழை என்றது. குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. "இல்லையம்மா," என்றேன்.

வேலைக்குப் போகாமல் சந்தியில் உள்ள போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பிள்ளை வேலை செய்கிறாள்; விண்ணப்பம் நிரப்ப, மெயில் அனுப்ப எல்லாரும் அவளிடம்தான் போவார்கள். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையைத் திருப்பினாள்.

"ஆரோ பாஸ்வேர்டை மாத்திப்போட்டினம் அண்ணா. ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"குடுக்கேல்ல. ஒரு போமில எழுதினனான்."

நான் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அனுப்பியவரின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த முகவரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். அதில் கம்பனியின் பெயரே இல்லை, ஏதோ பொருளில்லாத எழுத்துகள். பெயரை யாரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாம், முகவரியைத்தான் பார்க்கவேண்டும் என்றாள். உண்மையான கம்பனி கடவுச்சொல்லைக் கேட்காதாம், போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்காதாம். இவ்வளவு அவசரப்படுத்தினால் அதுவே கள்ளன் என்பதற்கு அடையாளமாம். திரும்ப எடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா வழியும் கள்ளன் மாற்றி வைத்திருந்த ஒரு தொலைபேசி இலக்கத்தில் போய் முடிந்தது. கடைசியில் கம்பனிக்கு ஒரு முறைப்பாடு மட்டும் எழுதிப் போட்டாள்.

நான் எழும்பும்போது, "அண்ணா, இனி இதில இருந்து உங்கட ஆக்களுக்கு மெயில் போகும். எல்லாருக்கும் இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ," என்றாள்.

சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், மாமா; அக்கா அந்தப் பெட்டியிலிருந்து எழுதியது அவருக்கு மட்டும்தான். சொல்லவில்லை. போனில் என்னை எட்டாம் வகுப்பு எஞ்சினியர் என்று பகிடி பண்ணுகிறவர் அவர். சொன்னால் சிரிப்பார், பிறகு அம்மாவிடம் சொல்வார். கம்பனி இரண்டு நாளில் பெட்டியைத் திருப்பித் தந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளும் வேலைக்கு நடுவில் பழைய கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். அம்மா படலையில் நின்றார். முழுகிய தலை ஈரமாக இருந்தது. கோயிலுக்கென்று வைத்திருக்கும் சேலையைக் கட்டியிருந்தார். போன் கையில்.

"மாமா எடுத்தவர் தம்பி. அக்கா எழுதியிருக்கிறாளாம்."

மிச்சத்தை ஒரே மூச்சில் சொன்னார். மாமாவுக்கு மெயில் வந்திருக்கிறதாம். மேலே அக்காவின் பெயர், அதே பழைய விலாசம். நாலைந்து வரிதான், இங்கிலீசில். கரைச்சலில் இருக்கிறாளாம், போனில் கதைக்கமுடியாத இடமாம், உடனே பதில் போடட்டாம். மாமா அழுதழுது பதில் போட்டாராம். அதற்கும் பதில் வந்ததாம். ஏதோ பேப்பர் அலுவலுக்கு மாமாவின் பாஸ்போட்டைப் படம்பிடித்து அனுப்பட்டாம். மாமா அதைத் தேடிக்கொண்டு நிற்கிறாராம். அம்மா பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அடுப்பில் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டிருந்தார். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

முதலில் மாமாவுக்குத்தான் எடுத்தேன். ஒன்றையும் அனுப்பவேண்டாம், அது கள்ளர் என்றேன். இது எனக்குத் தெரியவந்து எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "நீ ஏன்டா அண்டைக்கே சொல்லேல்ல?" என்றார். பகிடி பண்ணுகிற குரல் இல்லை அது.

அம்மா எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் என் வாயால் சொல்லட்டும் என்பதுபோல என்னையே பார்த்தார். அவரைக் கதிரையில் இருத்தி, நான் நிலத்தில் இருந்தேன்.

"அது அக்கா இல்லையம்மா. நான்தான் பெட்டியின்ர திறப்பைக் கள்ளனிட்டக் குடுத்துப்போட்டன்."

அம்மா ஏசவில்லை. அழவும் இல்லை. ஈரத்தலையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இனி அவள் எழுதினா ஆர் வாசிக்கிறது?"

அந்தக் கிழமையே கடைப் பிள்ளை எனக்குப் புதுப் பெட்டி ஒன்று திறந்து தந்தாள், இந்தமுறை என் பெயரில். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் இலக்கமும் இருந்தால்தான் திறக்கும்படி செய்தாள். போன் துலைந்தால் பாவிக்கவென்று சில இலக்கங்களை எழுதித் தந்தாள். அதை அலுமாரிக்குள், அம்மாவின் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன். புது முகவரியை மாமாவுக்குக் கொடுத்தேன். அக்காவுக்காக முன்பு பதிந்த இடங்களுக்கெல்லாம் அலைந்து கொடுத்தேன். எந்த இடத்திலும், கேட்டதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. கொடுக்க முடியாத ஆள் ஒருத்தி மட்டும் மிச்சம்.

கள்ளனுக்கு ஒரு கடிதம் போடட்டோ என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தேன். வேண்டவே வேண்டாம் என்றாள். எழுதினால் புது முகவரியும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், பிறகு இதற்கும் வருவார்கள் என்றாள். அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். புது விலாசத்திலிருந்து பழைய விலாசத்துக்கு, தமிழில்தான். பெட்டியை நான் திருப்பிக் கேட்கவில்லை, நீங்களே வைத்திருங்கோ என்று எழுதினேன். அதற்குள் ஒருத்தி அம்மா என்று தொடங்கி ஏதும் எழுதியிருந்தால் அழித்துவிடாதேங்கோ, இந்த விலாசத்துக்கு அனுப்பிவிடுங்கோ, அது போதும் என்று எழுதினேன். கள்ளனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாது. மூன்று தரம் வாசித்துப் பிழை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அம்மாவிடம் சொன்னபோது, நல்ல மரியாதையாக எழுதினாயா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன்.