தட்டில் நின்ற சேறு

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவருக்கு மகளாய்ப் பிறந்த லோஜினி, பொறியியல் பேராசிரியையாகி ஆராய்ந்ததெல்லாம் சேற்றைத்தான். பற்பசை, தயிர், மழையில் ஊறிய மண் என்று, திடமா திரவமா எனச் சொல்லமுடியாத பொருட்கள் எந்த நொடியில் ஓடத் தொடங்கும் என்பதே அவளுடைய கேள்வி.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவின் மண்ணை மாதாமாதம் சோதித்து வந்தாள். ஐந்து நாள் அடைமழைக்குப் பிறகு வந்த மண், கருவியில் லேசாக உலுக்கியதுமே ஓடியது. அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். கடிதம் அனுப்பச் சொன்னார்கள். அவளே பஸ் ஏறிவிட்டாள்.

லயத்தில் பதினான்கு குடும்பங்கள். மலை சரியலாம், உடனே பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்று அவள் சொல்லியும் யாரும் அசையவில்லை.

"போன வருசமும் நீங்கதான் வந்து சொன்னீங்க, மிஸ்," என்றாள் அம்மாக்கண்ணு. அவள் சொன்னால் லயமே கேட்கும். "மூணு நாளு ஸ்கூல்ல கெடந்தோம். மலை அப்படியே இருந்துச்சு. வீட்டுல இருந்த அரிசியத்தான் எவனோ தூக்கிட்டுப் போனான்."

லோஜினிக்கு முகம் சுட்டது.

"இந்தத் தடவையும் மலை சரியாம போகலாங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதப் பாருங்க."

சரிவின் அடிமண்ணில் ஒரு பிடி எடுத்துத் தட்டில் குவித்துச் சாய்த்தாள். மண் அசையவில்லை.

"நல்லாத்தானே நிக்குது!" யாரோ சிரித்தார்கள்.

தட்டின் அடியில் விரலால் இரண்டு முறை தட்டினாள். குவியல் உடைந்து, கஞ்சிபோல் வழிந்து தரையில் கொட்டியது.

அம்மாக்கண்ணு சரிவை அண்ணாந்து பார்த்தாள். "புள்ளைகளத் தூக்குங்கடி!"

பாடசாலையில் தலையெண்ணியபோது அம்மாக்கண்ணுவின் புருஷன் கந்தப்பனைக் காணோம். மாட்டை அவிழ்க்கத் திரும்பியிருந்தான். லோஜினி லயத்துக்கு ஓடினாள். தொழுவத்தில் ஈரக்கயிற்றின் முடிச்சோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அப்போது, மலை ஊற்றிலிருந்து ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த பீலித் தண்ணீர் சட்டென்று நின்றது. மேலே மண் அசைந்து தண்ணீரை அடைத்துவிட்டதென்று அவளுக்குப் புரிந்தது.

"விடுங்கண்ணே! வாங்க!"

"ஒரு நிமிசம் மிஸ்..."

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இருவரும் ரோட்டை அடைந்தபோது பின்னால் மலை இறங்கியது. தொழுவமும் ஐந்து வீடுகளும் போயின. மாடும் போனது.

பாடசாலையில் அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசிரு மிஞ்சிருச்சு. இனி எங்க மிஸ் போறது?"

"தெரியலீங்க," என்றாள் லோஜினி.

மறுநாள் காலையில் பதினான்கு குடும்பங்களின் பெயரையும் எழுதிக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்குப் போனாள். சமதரையில் நிலம் கேட்டு இன்றும் அலைந்துகொண்டிருக்கிறாள்.