ஒன்றா, இரண்டா

மீன் உருண்டைக் கடைக்காரிக்கு அவள் நாத்தனார் சொன்ன கதை அது. பிங்துங் ஊர்க்காரர் ஒருவர் அலாஸ்காவுக்கு மேலே பறக்கும்போது விமானக் கழிப்பறையில் சிகரெட் பற்றவைத்தாராம். கையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, மிச்ச தூரம் முழுக்க அப்படியே உட்காரவைத்தார்களாம். சந்தெல்லாம் சுற்றி லியாவ் சின்ஷுய் காதுக்கு வந்தபோது அந்த மனிதருக்கு இரண்டு பல்லும் போயிருந்தது.

சின்ஷுய் கௌசியுங் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். நாளெல்லாம் உட்கார்ந்தே பழகிய உடம்பு. ஆனால் அரைமணிக்கு ஒரு சிகரெட் வேண்டும். மகள் பெய்சுன்னுக்கு டொராண்டோவில் இது பேறுகாலம். தைப்பேயிலிருந்து பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் பதினைந்து மணி நேரம்.

"அம்மா மட்டும் வரட்டும்ப்பா. உன்னால முடியாது," என்றாள் பெய்சுன் போனில். "என் கல்யாண விருந்துலயே மூணு தடவை எந்திரிச்சு வெளிய போன ஆளு நீ."

"ஒரு டிக்கெட்டா ரெண்டான்னு ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"அன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லலைன்னா ஒண்ணுதான் போடுவேன்."

சிகரெட்டே தொடாமல், தாங்கள் இருக்கும் தீவை ரயிலில் ஒரு முழுச்சுற்று சுற்றிவந்து ஒத்திகை பார்ப்பதென்று முடிவு செய்தார். புதன்கிழமை தனியாகக் கிளம்பினவர் தைத்துங்கில் இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே ஓடி, இரண்டு சிகரெட்டை அடுத்தடுத்து ஊதிவிட்டுத் திரும்பிவிட்டார். மனைவி பாவ்சூவுக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று.

"எது வரைக்கும் பறந்த?"

"தைத்துங்."

"டொராண்டோ அதுக்குக் கொஞ்சம் தள்ளி."

ஞாயிறன்று அவளும் கூட வந்தாள். விடியுமுன்பே, ஐந்தரைக்கு வண்டி. அவரை ஜன்னலோரம் தள்ளிவிட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். "என்னைத் தாண்டித்தான் போகணும். எழுபத்தெட்டு கிலோ. யோசிச்சுக்க."

ஹுவாலியனில் பெட்டிச் சோறு வாங்கினார்கள். கடைசி எலும்பைக் கடித்து முடித்ததுமே அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. உப்பிட்ட ப்ளம் ஒன்றை அவர் வாயில் திணித்தாள் பாவ்சூ. "கொட்டையைத் துப்பாத. அதையே உருட்டிக்கிட்டிரு."

தைப்பேயில் வண்டி மாறும்போது மணிக்கட்டைப் பிடித்தவள், அடுத்த வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் விட்டாள். தைச்சுங்கில் முன்சீட்டுக்கு ஒருவன் ஏறினான். அவன் கோட்டில் புகைநாற்றம். சின்ஷுய் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தார்.

"மோந்து பாக்கறதும் கணக்குல சேரும்," என்றாள் பாவ்சூ.

"வாயை மூடிட்டு வா," என்று சீறினார். நெற்றியெல்லாம் வேர்வை. கொட்டையைக் கடித்த கடியில் தாடை வலித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

கௌசியுங்கில் இறங்கியபோது பதினைந்து மணி நேரக் கணக்கில் இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. பாவ்சூவின் கால் வீங்கிவிட்டது.

"போதும் சின்ஷுய், வீட்டுக்குப் போலாம். இவ்வளவு தூரம் வந்தாச்சே."

"விமானத்துல பாதியில எறங்கினா ஏதாவது பனிக்காட்டுலதான் எறங்கணும். அங்க யாரு இருக்கா நமக்கு?"

காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவளும் முனகிக்கொண்டே பக்கத்தில் வந்து செருப்பைக் கழற்றினாள். போவோர் வருவோரைப் பார்க்காமல் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் இரவு எட்டரையைத் தொட்டதும் அவர் கை சிகரெட்டைத் தேடவில்லை, போனை எடுத்தது. அங்கே காலை நேரம்.

அந்தப் பக்கம் போன் மணி அடித்தது. ரெண்டு என்ற சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எடுக்க மாட்டேங்கறா. தூங்குறாளோ?"

"வயித்துல புள்ளையை வச்சிக்கிட்டு இந்நேரம் வரைக்கும் எங்க தூங்குறது," என்ற பாவ்சூ கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினாள். "வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளோ என்னவோ. இன்னொரு தடவை போடு."

போட்டார். பெஞ்சை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.