சாவிக்கு முன்னே விழுந்த பூட்டு

வத்தலக்குண்டு பேருந்துக்கு நேரமிருந்தது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு எனக்கு. திண்டுக்கல் சந்துகளில் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். எங்கிருந்தோ அரம் ராவும் ஓசை. அதன் பின்னாலேயே போய் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"வாங்க சார், டீ சாப்ட்டுப் போகலாம்" என்றார் பூட்டுச் செய்கிறவர், நெடுநாள் பழகியவர்போல. உள்ளே போனேன். சாவி ராவிக்கொண்டிருந்த அவர் தங்கை தலையை மட்டும் அசைத்தாள். அன்று சாயங்காலம் அவள் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குகிற பூசை. வீட்டுக்காரர் பிள்ளையோடு முன்னால் போய்விட்டார். கையிலிருக்கும் சாவியை முடித்துவிட்டு இவளும் ஓட வேண்டும்.

அண்ணனுக்கோ விருந்தாளிக்கு வித்தை காட்ட ஆசை. சாவியில்லாமல் அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற புதுப் பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், எங்களை உள்ளே வைத்துத் தகரக் கதவைச் சாத்தி மாட்டினார்.

"தள்ளுங்க சார். நல்லாத் தள்ளுங்க."

தள்ளினேன். தோள் வலித்ததுதான் மிச்சம்.

"பாத்தீங்களா, அசையாது" என்றது வெளியிலிருந்து குரல். பிறகு சட்டைப் பையைத் தட்டும் சத்தம். "ஏத்தா, இதோட சாவி எங்க?"

"எதோட சாவி?"

"இப்பப் பூட்டுனேனே."

அவள் அரத்தை நிறுத்தினாள். "அதத்தாண்ணே ராவிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பட்டறையில் பூட்டு முதலில் பிறக்கும், சாவி கடைசியில். அவசரத்தில் அவர் அதை மறந்திருந்தார்.

"அறுத்துர முடியாதா?" என்றேன்.

"அறுக்குற மாதிரியா சார் செஞ்சிருப்பேன்?" அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை.

சன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு பல்பு. தகரம் வெயிலைக் குடித்துவிட்டு எங்கள்மேல் உமிழ்ந்தது. இரும்பு வாடை நாக்கில் ஏறியது. நான்கு சுவருக்குள் நடந்தேன்; நடக்க இடமில்லாமல் நின்றேன்; நிற்க முடியாமல் நடந்தேன்.

"செத்த உக்காருங்க சார், வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாகச் சாவியைத் தள்ளினாள். அவர் பூட்டில் விட்டுத் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். முட்டிய இடத்தில் பளபளவென்று ஒரு கீறல். அங்கே ராவினாள். மறுபடி வெளியே போனது, மறுபடி வந்தது. அதிகம் தேய்ந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவசரப்படவும் வழியில்லை.

மாதா கோயில் மணி அடித்தது. அவள் கை நிற்கவில்லை.

"என்னால வந்த வினை" என்றார் வெளியே இருந்தவர்.

"வாயப் பேசாம சாவியத் திருகுண்ணே. மாமங்காரன் நீதான் மொத ஆளா நிக்கணும்னு புள்ள சொல்லிச்சு. நீ இங்க நிக்கிற."

ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் பாட்டு கேட்கத் தொடங்கியது. அவள் தகரத்தில் காதை வைத்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கவில்லை. சாவி வெளியே போனது. இந்த முறை திரும்பி வரவில்லை. கதவு திறந்தது.

கை கழுவாமல் ஓடினாள். அவரும் ஓடினார். ஓட எனக்கும் ஒரு காரணம் கிடைத்ததுபோல நானும் ஓடினேன்.

கோயிலில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகள் அம்மாவைக் கண்டு வரிசையை விட்டு வாசலுக்கு வந்தாள். எண்ணெய்க் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு அம்மா குனிந்தாள்.

"வாங்கிட்டியா?"

"ம்."

"எங்க, காட்டு."

பிள்ளை வாயை அகலமாகத் திறந்தாள்.

"கரைஞ்சிருச்சும்மா."