ரெட்டைப் பிராமின்ர பிடி

சூப்பர்மார்க்கட் வேலையில, காசு வாங்கிற டில்லடியில இருக்கிறது லேசு. இருக்கிற நேரம் பிள்ளை ஆரோட இருக்கிறது எண்டதுதான் உண்மையான வேலை. ஒரு கையில பிள்ளையும் மற்றக் கையில ஷிப்டுமா ஓடின தாய்மாரே, உங்களுக்கு இது விளங்கும்.

ட்ரொலியளுக்கு நடுவில

தொண்ணூறாம் ஆண்டுக்குக் கொஞ்சம் முன்னபின்ன. நாங்கள் நாட்டை விட்டு வந்து பிளேஸ்டோவில கீழ் வீட்டில, மேல் வீட்டில மலர் அக்கா. அவவின்ர பிள்ளைக்கு ரெண்டு வயசு, என்ர துஷிக்கு ஒண்டரை. ரெண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே ஃப்ளெக்ஸி கொன்ட்ராக்ட். அதெண்டால் கிழமைக்குக் கிழமை மணி மாறும். வியாழக்கிழமை கன்டீன் கதவில ஒட்டுற தாளைப் பாத்தால்தான் அடுத்த கிழமை எப்ப வேலை எண்டு தெரியும். எங்களை மட்டும் எதிரெதிர் ஷிப்டில போடச் சொல்லிக் கேட்டு வைச்சிருந்தனாங்கள். காலமை நான் உள்ளுக்கு, பிள்ளையள் அக்காவோட. ரெண்டு மணிக்கு நான் வெளியில வர, ட்ரொலி அடுக்கிற இடத்தில அக்கா, பிள்ளையள் ரெண்டையும் வைச்சுத் தள்ளுற ரெட்டைப் பிராமோட நிப்பா. பிடி அவவின்ர கையில இருந்து என்ர கைக்கு வரும். "துஷி வாழைப்பழம் தின்னேல்லை" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு ஓடுவா. பூனைக்குச் சாப்பாடு வாங்க வாற வெள்ளைக்காரக் கிழவி ஒராள் கனநாளா இதைப் பாத்திட்டு, ஒருநாள் கிட்ட வந்து கேட்டா: "இண்டைக்குப் பிள்ளையளை ஆர் விக்கிறது, ஆர் வாங்கிறது?"

பீப்

சாமானைக் காட்டினால் பீப் எண்டு கத்துற டில் அப்பதான் வந்தது. முந்தி விலையை விரலால குத்தவேணும்; அந்த விரல் இப்பவும் மழைக்கு நோகும். மழை எண்டோடன ஞாபகம் வருது, மழை நாளில கடைக் கண்ணாடிக்கு அங்கால உலகமே கரைஞ்சு போகும். கறுத்த பெல்ட் மெல்ல ஓட, பாலும் பாணும் தோடம்பழமும் மிதந்து மிதந்து வரும். துஷிக்குப் பல்லு முளைக்கிற காலம், எனக்கு நித்திரை இல்லை. (இப்ப தன்ர பிள்ளை படுக்குதில்லை எண்டு துஷி எனக்கே போன் எடுக்கிறா, அது வேற கதை.) பீப்... பீப்... அந்தத் தாளத்துக்கு என்னையறியாமல் ஆராரோ பாடத் துடங்கிட்டன். திடுக்கிட்டு நிமிந்தால், யூனிஃபோமோட ஒரு பஸ் ட்ரைவர் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறார். "சொறி" எண்டன். கண் திறக்காமலே சொன்னார்: "நிப்பாட்டாதேங்கோ, இப்பதான் கண் அயருது."

ஒரே ஷிப்டில ரெண்டு பேர்

ஒரு வியாழக்கிழமை தாளைப் பாத்தால், அடுத்த கிழமை முழுக்க எங்கள் ரெண்டு பேருக்கும் காலமை ஷிப்ட். எல்லாரையும் 'லவ்' எண்டு கூப்பிடுற மனேஜர் பிரெண்டாவிட்ட ஓடினன். "ஃப்ளெக்ஸி எண்டால் ஃப்ளெக்ஸிதான், லவ். ஏலாட்டி ஒராள் வேலையை விடுங்கோ" எண்டா. எங்கட மனுசன்மாருக்கு இரவு வேலை; பகல் படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பாயினம்.

ரெண்டு மணிக்கு ட்ரொலியடியில அக்காவுக்குச் சொன்னன்.

"நான் விடுறன் பிள்ளை, நீ இரு."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. நான் விடுறன்."

"அக்கா அக்கா எண்டுறாய், சொல்லுக் கேக்க மாட்டியோ?"

நாங்கள் பிடுங்குப்பட, அக்காவின்ர ஷிப்டுக்கு நேரம் போட்டுது. ஏச எண்டு பிரெண்டாவே வெளியில வந்து எங்களுக்கு நடுவில நிண்டா. அவவைக் கண்ட பதட்டத்தில அக்கா, எந்தநாளும் போல, பக்கத்தில இருந்த கையில பிடியைக் குடுத்திட்டு ஓடினா. அது என்ர கையில்லை, பிரெண்டாவின்ர கை.

பிரெண்டா ஏசேல்லை. பிராமை மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினா. பூந்தூறல். ஓடின அக்காவும் திரும்பி வந்து நிண்டா. துஷியின்ர கண் மூடுது, திறக்குது, மூடுது. ட்ரொலியளில தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்தான். துஷி அயர்ந்தோடன பிரெண்டா ரகசியமாச் சொன்னா: "ஆராவது அந்த ஷிப்ட் தாளையும் ஒரு பென்சிலையும் கொண்டு வாங்கோ, நான் அசையேலாது, பிள்ளை எழும்பிடும்."

பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுமட்டும் எங்கட எதிரெதிர் ஷிப்ட் மாறேல்லை. அதைப் பேசி வெண்டு தந்த ஆளுக்கு வயசு ஒண்டரை, அதுவும் நித்திரையில.