ரெண்டாம் ஓலைக்குக் கைதூக்கியவன்

என் பேரன் பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடுகிறவன் என்பதை எங்கள் சனங்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு ஆயுசு பாதி போய்விட்டது. காரைக்குடியில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கிடப்பது. இல்லையென்றால் குச்சியில் சேமியா வைத்து விற்பது. அதன்மேல் ஒருவன் காலில் கத்தி வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு பாட்டுக்கு ஆடுவான், அதற்குப் போட்டி உண்டு, மார்க் உண்டு, மெடல் உண்டு என்று சொன்னால் என் கொழுந்தனார் சிரிப்பார்.

"ஏன் மதினி, அமெரிக்காவுல ஆளுகளுக்கு வேற சோலியே இல்லையா?"

அவர் தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். சோலி இல்லாமல் சம்பளம் வாங்குவது எப்படி என்று அவரைக் கேட்டால் விளக்கமாகச் சொல்லுவார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என்னுடைய 'வந்தாக', 'போனாக'வை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டுப் பத்திரிகைத் தமிழாக்கி வைக்கிறாள். படித்த பிள்ளை, செய்துவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அதைத் துடைத்தால் அப்புறம் கதையில் என்ன இருக்கிறது?

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, சரியாக நினைவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்த சமயம். அமெரிக்காவில் இருந்த என் மகன், மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு திடுதிப்பென்று வந்து இறங்கினான். வந்த அன்றைக்கே, "அம்மா, பயலுக்கு ஒரு பொண்ணு பாரு. சீக்கிரமா" என்றான். பையனுக்கு இருபத்து மூன்று வயது. என்னடா அவசரம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருமகள்தான் அடுப்படியில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவனுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல அத்தை. கல்யாணம் ஆச்சுன்னா சரியாயிரும்."

மனசு சரியில்லாததற்குக் கல்யாணம் மருந்து என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அந்த மருந்தைச் சாப்பிட்டவள்தானே.

பள்ளத்தூரில் ஒரு பெண் அமைந்தது. கணக்கு டீச்சர். எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம், பரம்பரையாக வாத்தியார் வேலை. மாப்பிள்ளை 'விளையாட்டுத் துறையில்' இருக்கிறார் என்று என் மகன் பெண் வீட்டாரிடம் சொன்னான். அவர்கள் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டார்கள். இவனும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். யாரும் ஒன்றும் தெரிவித்ததில்லை. அந்த நேரத்தில்தான் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வோம், ஆண்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசலைப் பார்ப்பார்கள்.

முதல் ஓலை வாசித்த மறுநாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். பேரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஆனாலும் வீட்டில் பேசிப் பேசி எங்கள் பக்கத்துத் தமிழ் அவனிடம் அப்படியே இருந்தது. மரியாதை கொஞ்சம் கூடுதல். தெருநாயைக்கூட 'அங்குட்டுப் போங்க' என்பான்.

"அப்பத்தா, நேத்து சாமியார் என்னமோ கடமைன்னாகளே, அது என்னது?"

சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"தெரிஞ்சா கட்டாயம் சொல்லணுமா?"

"சொல்லாட்டி பாவம்டா. எதுக்குக் கேக்குற?"

"எனக்கு ஒரு தடை தெரியும் அப்பத்தா."

"சேசு மரி சூசை! அங்க எவளையாச்சும் கட்டி வச்சிருக்கியா?"

"இல்ல அப்பத்தா. எனக்குப் பொம்பளப் பிள்ளைக மேல அந்த மாதிரி ஆசை வராது. ஆம்பளைக மேலதான் வரும். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

மொச்சை கையில் அப்படியே இருந்தது. உரிப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. நான் பெரிதாக யோசித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் வாயில் வந்தது இதுதான்:

"அப்ப அந்த டீச்சர் புள்ள என்னடா ஆகும்?"

"அதான் அப்பத்தா" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

பிறகு முழுக் கதையும் வந்தது. அங்கே பெரிய ஆட்டக்காரர் ஒருவர் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம். இவனுக்கும் ஒளித்து ஒளித்து அலுத்துப்போய், அடுத்த பெரிய போட்டிக்கு முன்னால் தானும் சொல்லப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். இவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற கோச் பதறிவிட்டாராம். மார்க் போடுகிறவர்கள் பழைய காலத்து ஆட்கள், காரணம் சொல்லாமலே குறைத்துவிடுவார்கள், பக்கத்தில் ஒரு பெண்ணோடு படத்தில் வந்தால் நல்லது என்றாராம். என் மகன் ஒரு படி மேலே போய், படத்துக்கு எதற்கு, நிஜமாகவே கட்டிவைத்துவிடுகிறேன் என்று விமானம் ஏறிவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால் செலவுக்குக் காசு தரமாட்டேன், போட்டியில் இருந்து பெயரை எடுத்துவிடுவேன், அதோடு சறுக்கு முடிந்தது என்று பையனிடம் சொல்லியிருக்கிறான். இவனுக்கோ அதுதான் உயிர். நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே பனிக்கட்டியில் நிற்கப் பழகியவன்.

நன்றாகக் கவனியுங்கள். ஆண் பிள்ளை ஜிகினாச் சட்டை போட வேண்டுமாம். கை விரலை மயில் கழுத்து மாதிரி நீட்ட வேண்டுமாம். பாட்டு உருகும்போது தானும் உருக வேண்டுமாம். நளினத்துக்கென்றே தனியாக ஒரு மார்க்காம். அத்தனையும் செய்துவிட்டு, பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராமல் இருக்க வேண்டுமாம். இந்தச் சட்டத்தை எழுதிய மகாராசன் என் கொழுந்தனாரோடு தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

"சாமியாரிட்டப் போய்ச் சொல்லுடா" என்றேன். சொல்லிவிட்டு மொச்சையை உரித்தேன்.

எங்கள் ஊரில் பிறந்த எவனும் என்ன செய்வான்? பொழுது சாய்ந்ததும் சாமியார் பங்களாவுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு காதாகச் சொல்லிவிட்டு வருவான். சாமியார் காய்ச்சல் என்றோ கடிதம் வரவில்லை என்றோ ஒரு சாக்குக் கண்டுபிடிப்பார். எல்லாருக்கும் விஷயம் தெரியும், யாருக்கும் தெரியாத மாதிரி இருக்கும். அதுதானே முறை. என் பேரன் அமெரிக்காவில் படித்தவன். கேள்வி கேட்டால் கைதூக்கிப் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே பழக்கிவிட்டார்கள்.

ரெண்டாம் ஞாயிறு. சாமியார் ஓலை வாசித்து, 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று முடித்தார். ஆண்கள் பக்கத்தில் இருந்து ஒரு கை மேலே போனது.

சாமியாருக்கு முதலில் புரியவில்லை. "என்ன தம்பி, தண்ணி வேணுமா?" என்றார் மைக்கிலேயே.

இவன் எழுந்து நின்றான். "சாமி, எனக்குத் தடை தெரியும். மாப்பிள்ளை நான்தான். எனக்கு ஆம்பளைகளத்தான் புடிக்கும். அந்தப் பொண்ணுக்கு இது தெரியாது. தெரியாம கட்டுனா அது பாவம். அதான் சொல்றேன். மன்னிச்சுக்கங்க." சொல்லிவிட்டு எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தான்.

முக்காடு சரிசெய்தவளுக்குக் கை முக்காட்டிலேயே நின்றது. பாவம் சாமியார், இந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்று குருமடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இருமினார். அப்புறம் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஏற்கெனவே சொல்லி முடித்த விசுவாசப் பிரமாணத்தை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். எங்கள் கோயிலில் அவ்வளவு சத்தமாக அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளத்தூர் பஸ் கிளம்புவதற்குள் செய்தி பள்ளத்தூர் போய்விட்டது. வீட்டில் என் மகன் ஒரு மூலையில், மருமகள் ஒரு மூலையில். அவன் பையனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "முடிஞ்சது. நாளைக்கே போன் போட்டு உம்பேர எடுக்கச் சொல்றேன்." திங்கட்கிழமையும் வந்தது. போன் பூத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பினான். மறுநாளும் அப்படியே. என் வாழ்நாளில் அவ்வளவு வெற்றிலை நான் போட்டதில்லை.

புதன்கிழமை அந்த டீச்சர் வந்தாள். தனியாக, டவுன் பஸ்ஸில். நிச்சயதார்த்தப் புடவையை ஒரு துணிப்பையில் மடித்து எடுத்து வந்திருந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மருமகள் உள்ளே ஓடிவிட்டாள்.

பேரன் எழுந்து நின்றான். "மன்னிச்சுக்கங்க. மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும். எங்கம்மா அதிரசத்துக்கு மாவு எடுத்து வச்சுட்டாக" என்றாள் அவள். "சரி, இப்பவாச்சும் சொன்னீகளே. மூணாம் ஓலையும் தாண்டியிருந்தா எங்கப்பா பந்தல் போடுறவனக் கூட்டியாந்திருப்பாக. அது கெடக்கட்டும். கிரிக்கெட் இல்லையாமே, என்னதான் ஆடுறீக? காட்டுங்க பாப்போம்."

அவனிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அங்கத்திய கேசட், எங்கள் ஊர்ப் பெட்டியில் ஒழுங்காக ஓடாது. கலர் வரவில்லை, படம் கீழேயிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் தெரிந்தது. வெள்ளைத் தரையில் ஒருவன் காற்று மாதிரி வருகிறான், எழும்புகிறான், பம்பரமாகச் சுற்றுகிறான், இறங்குகிறான். நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, கையைத் தட்டிவிட்டேன். வாசல்படியில் நின்று என் மகனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் திரும்பி அவனைப் பார்த்தாள். "மாமா, இதையா விடச் சொல்றீக?"

அவள் காபியைக் குடித்துவிட்டு, மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. ஈஸ்டர் பாஸ்காவுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். வாசிக்கப்படாத ஓலையைக் கேட்பதற்கு அவ்வளவு ஆசை! பேரனை வர வேண்டாம் என்றார்கள், அவன் வந்தான். ஆண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு, மற்ற எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்தார்கள். என் மகன் தூணுக்குப் பின்னால் தனியாக.

பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் என் கொழுந்தனார் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு தயாராக நின்றார். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டினான்.

"ஏப்பா, நில்லு. உம்மகனுக்கு இனிமே என்னத்த வாங்குறது? கொலுசா, சதங்கையா? ஆடுற புள்ளைக்கு எது எடுப்பா இருக்கும்?"

சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் திரும்பிவிட்டான்.

"சித்தப்பா, அவன் என்ன ஆடுறான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அதான் பொம்பள மாதிரி..."

"மூணு சுத்து! அந்தரத்துல மூணு சுத்து சுத்திட்டு, இத்தனூண்டு கத்தி மேல எறங்கணும். ஒத்தக் கால்ல. பின்பக்கமா."

"பின்பக்கமாவா?" என்றார் கூட்டத்தில் ஒருவர், தன்னை மறந்து.

"ஆமா, பின்பக்கமா. பிசகுனா மண்ட ஒடஞ்சு போகும். மூணு வயசுலேர்ந்து விழுந்து விழுந்து எந்திரிக்கிறான். விடியுமுன்ன கூட்டிப் போயி அந்தக் குளுருல குத்தவச்சு உக்காந்திருந்தவன் நானு! பொம்பள மாதிரியாம்ல. பொம்பளையுந்தான் ஆடுறாக, மண்ட அவுகளுக்கும் ஒடையும். நீங்க திண்ணக்கட்டையிலேர்ந்து எறங்கவே கம்பு தேடுறீக!"

கொழுந்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப போட்டிக்கு அனுப்பத்தான் போறியாக்கும்? அங்கயும் எந்திரிச்சு இந்தப் பெருமையச் சொல்லுவான்."

"தையில போட்டி. போறான். சொல்லணும்னு நெனச்சா சொல்லுவான். இந்தக் கோயில்ல, ஒங்க மூஞ்சிகளப் பாத்துக்கிட்டே சொன்னவனுக்கு அங்க சொல்றதுக்கு என்ன பயம்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. பங்கு முழுக்கக் கேட்டாகிவிட்டது. இனி எந்த பூத்துக்குப் போய் எந்தப் போனைப் போடுவது? பேரன் பக்கத்தில் வந்து நின்றான், அழவா சிரிக்கவா என்று தெரியாமல்.

பின்பக்கமா என்று கேட்டவர் விடவில்லை. "அது எப்படிப்பா பின்பக்கமா எறங்குறது?"

என் மகன் வேட்டியை மடித்துக் கட்டினான். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு காலைப் பின்னால் தூக்கி, கோயில் மணலில் ஒற்றைக்காலில் நின்றான். தொந்தி ஒரு பக்கம் இழுத்தது.

"முட்டிய மடக்குங்கப்பா, விழுந்துருவீக" என்றான் பேரன், அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

"எல்லாம் எனக்குத் தெரியும்டா" என்றான் என் மகன். முட்டியை மடக்கினான்.